வெற்றுக்கட்டமும் பூஜ்யமும்

மழைக்கணக்குத் தாளில் ஒரு தேதிக்கு நேரே 0 என்று எழுதியிருந்தால், அன்று காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து பார்த்ததில் அதனுள் நீர் ஏதும் இல்லை என்று பொருள். அதே தேதிக்கு நேரே ஒன்றும் எழுதாமல் கட்டம் வெறுமையாக இருந்தால், அன்று மழைமானியைத் திறந்து பார்க்கவில்லை என்றோ, பார்த்தும் எழுதவில்லை என்றோ பொருள். முன்னது ஒரு செய்தி. பின்னது செய்தி இல்லாமை. இந்தப் பேதம் எழுத்தறியாதவருக்கும் விளங்கும். ஆயினும், கணக்குகளை எக்செல் தாளில் ஏற்றி அத்தாளைக் கணிப்பொறி நிரல்களைக் கொண்டு படிக்கத் தொடங்கிய பிறகு, இப்பேதம் நம் கண்முன்னே அழிந்துவருகிறது. அதனால் குடியானவர்களுக்கு உண்டாகக்கூடிய நஷ்டம் சிறிதன்று. இவ்விஷயத்தைப் பற்றி எனது அபிப்பிராயத்தை நிலமுடைய விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. விவசாய டிப்ளமா பெற்று, இருபது வருஷங்களுக்கு மேலாக வரப்பிலும் வாய்க்காலிலும் நடந்து உத்தியோகம் பார்ப்பவன் நான். அலுவலகக் கணக்குகளை விரைவில் முடிக்கவேண்டிச் சிறு நிரல்கள் எழுதப் பழகிக்கொண்டேன். அவற்றில் நான் செய்த பிழைகளையும் மறைக்காமல் கீழே சொல்கிறேன்.

கையால் கணக்கு எழுதிவந்த காலத்தில் வெற்றுக்கட்டம் ஒரு தொல்லையாக இருந்ததில்லை. அடங்கலில் பயிரில்லாத நிலத்துக்குத் 'தரிசு' என்று எழுதும் வழக்கம் உண்டு. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். எழுதாமல் விட்ட இடம் கண்ணில் பட்டால், கூட்டல் போடுகிறவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "இந்த ஸர்வே நம்பருக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவார். கூட்டுகிறவர் மனிதராக இருந்ததே அந்தக் கணக்குக்குக் காவலாக இருந்தது. இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆகையால் இடத்தை நிரப்புவதற்காகப் பூஜ்யம் போடவேண்டிய அவசியமே இருந்ததில்லை. பூஜ்யம் நம் கணக்கில் வந்து உட்கார்ந்தது பிற்காலத்தில். இப்போது அது இல்லாத இடங்களிலெல்லாம் வந்து உட்காருகிறது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தும் முறை வாசகர்கள் அறிந்ததே. கிராமத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தை அளந்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறோம். அச்சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வரும். (நெல் காய்வதில் ஏற்படும் எடைக்குறைவை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது முதல், கிராம அளவில் நஷ்ட ஈட்டை நிர்ணயிப்பதற்கு இந்தப் பரிசோதனையின் சராசரி முக்கிய ஆதாரமாக இருந்துவருகிறது.

ஒரு சம்பா பருவத்தில் எங்கள் சரகத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நான்கு வயல்கள் தேர்வாயின. மூன்றில் பரிசோதனை முடிந்தது. எடைகள் 12, 13, 11 கிலோ. நான்காவது வயலுக்கு நாங்கள் போவதற்கு முதல்நாளே அறுவடை இயந்திரம் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. குத்தகைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. இயந்திரம் கிடைக்கிற நாளில் அறுக்காவிட்டால் நெல் கொட்டிப்போகும். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதுவரையில் சரி. ஆனால் பக்கத்துப் பத்தியில், எடையை 400-ஆல் பெருக்கும்படி எக்செலுக்கு முன்னமே கட்டளை கொடுத்திருந்தேன். வெற்றுக்கட்டத்தைப் பெருக்கச் சொன்னால் எக்செல் அதைப் பூஜ்யமாகப் பாவித்துப் பெருக்கி, 0 என்று எழுதிவிடும். என் நிரல் படித்தது ஹெக்டேர் பத்தியை. நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுத்து 3,600 கிலோ என்று சொல்லிற்று. உண்மையில் மூன்று வயல்களின் சராசரி 4,800. எடைப் பத்தியிலேயே சராசரி கேட்டிருந்தால் எக்செல் வெற்றுக்கட்டத்தை ஒதுக்கி, 12 கிலோ என்று சரியாகவே சொல்லியிருக்கும். ஒரே தாளில் பக்கம் பக்கமாக உள்ள இரண்டு பத்திகள் ஒன்றுக்கொன்று மாறாகச் சாட்சி சொல்லின, நான் கவனிக்கவில்லை.

கவனித்தவர் அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவர். விதை நெல் விஷயமாக அலுவலகத்துக்கு வந்தவர், மேஜைமேல் கிடந்த சுருக்கத்தாளைப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, இந்த வருஷம் எங்கள் ஊரில் யாருக்கும் மூட்டை குறையவில்லையே. தாளில் எப்படிக் குறைந்தது?" என்று கேட்டார். உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தத் தவறான கணக்குப்படி ஊருக்குப் பத்தில் ஒரு பங்கு நஷ்ட ஈடு சேரவேண்டியதாகியிருக்கும். அவர் சும்மா இருந்திருக்கலாம். அலுவலகப் பிரதியாதலால் பிழை வெளியே போகவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய மடமை. வெட்கத்தினால், பூஜ்யம் என்று கண்டதையெல்லாம் தள்ளிவிடும்படி நிரலைத் திருத்திவைத்தேன். அடுத்த வருஷம் அதே கிராமத்தில் வடிகாலை ஒட்டிய வயல் ஒன்று மழையில் பத்து நாள் மூழ்கி அழுகிவிட்டது. அந்த வயலும் குலுக்கலில் வந்திருந்தது. மற்ற மூன்று வயல்களின் எடை 12, 10, 8. நான்காவதில் அறுக்க ஒரு கதிரும் இல்லை. ஆகையால் 0 என்று எழுதினேன். இது மெய்யான பூஜ்யம். நேரில் போய், சேற்றில் நின்று, கண்டு எழுதியது. நான்கையும் சேர்த்தால் ஹெக்டேருக்குச் சராசரி 3,000. என் நிரல் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு 4,000 என்றது. மேலே சொன்ன 4,000 கிலோ உத்தரவாதத்தை இதற்கும் வைத்துப் பார்த்தால், நாலில் ஒரு பங்கு நஷ்ட ஈடு கிடைக்கவேண்டிய ஊருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், ஏக்கர் ஒன்றுக்கு 9,000 ரூபாய் போய்விடுகிறது. இந்தத் தடவை நானே பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "போன வருஷம் இல்லாத பூஜ்யத்தைச் சேர்த்தீர்கள். இந்த வருஷம் இருக்கிற பூஜ்யத்தைத் தள்ளிவிட்டீர்களே, ஐயா" என்றார்.

வெற்றிடத்தைப் பூஜ்யமாக்கினாலும் பிழை. பூஜ்யத்தை வெற்றிடமாக்கினாலும் பிழை. தாளைப் படிக்கிற நிரலுக்கு வயல் தெரியாது. எது எதுவென்று சொல்லவேண்டியவர் வயலைப் பார்த்தவரே. படிக்கிற நிரல் செய்யவேண்டியது, அவர் வெறுமையாக விட்டதை வெறுமையாகவே கடைசிவரை கொண்டுபோவதும், அதனால் கணக்கு நின்றுபோனால் நின்று கேட்பதுமே. இதுதான் என் அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட பிழை உடனே வெளிப்பட்டால் நல்லது. பல சமயங்களில் வெளிப்படாது. உத்தரவாத மகசூலை, கடந்த ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்து வருஷங்களின் சராசரியைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். ஒரு வருஷத்துக் கணக்கு காணாமற்போய் அதன் இடத்தில் பூஜ்யம் ஏறிவிட்டால், தள்ளப்படும் இரண்டு மோசமான வருஷங்களில் ஒன்றாக அது ஓசையின்றிக் கழிந்துவிடும். இரண்டு வருஷம் அவ்வாறானாலும் தெரியாது. மூன்றாவது வெற்றிடம் வந்ததும் சராசரி திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு சரியும். உத்தரவாதமே குறைந்துவிட்டால், இந்த வருஷம் விளைச்சல் குறைந்தாலும் நஷ்ட ஈடு வராது. அப்போது போய், பழைய தாளில் எந்தப் பூஜ்யம் மெய், எது பொய் என்று யாரைக் கேட்பது? எழுதியவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

கணிப்பொறி ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். உங்கள் பிள்ளைகளும் மருமக்களும் பொறியியல் படித்துவிட்டு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவ்வகை நிரல்கள் எழுதித் தருகிறார்கள். இப்பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

எக்செலில் பெருக்கல் மட்டுமல்ல. ஒரு தாளிலுள்ள கட்டத்தை மற்றொரு தாளுக்கு இணைப்புக் கொடுத்தால், மூலக் கட்டம் வெறுமையாக இருப்பினும் இணைத்த இடத்தில் 0 என்று தோன்றும். கிராமத் தாளிலிருந்து வட்டாரத் தாளுக்கும், வட்டாரத்திலிருந்து ஜில்லாத் தாளுக்கும் இப்படி இணைத்துக்கொண்டே போனால், கிராமத்தில் வெறுமையாக இருந்தது ஜில்லாவில் பூஜ்யமாகப் போய்ச் சேருகிறது. மூலம் வெறுமையானால் வெறுமையாகவே காட்டு என்று நிபந்தனை வைத்துக் கட்டளை எழுதலாம். நானும் அவ்வாறே எழுதுகிறேன். அப்படி வரும் கட்டத்தைச் சராசரி ஒதுக்கிவிடும். ஆனால் அதைக் கூட்டல் குறி போட்டு வேறொன்றோடு கூட்டினால் எக்செல் பிழைச் செய்தி காட்டி நிற்கும். நிற்பதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜாவா மொழியில் எக்செல் தாளைப் படிக்கப் பலரும் உபயோகிக்கும் அப்பாச்சி பி.ஓ.ஐ. என்னும் நூலகம், வெற்றுக்கட்டத்தில் உள்ள எண் என்னவென்று கேட்டால் 0 என்றே விடை சொல்லும். கட்டமே உருவாகாத இடமானால் 'நல்' என்னும் இன்மையைத் தரும்; அதைக் கவனியாமல் தொட்டால் நிரல் முறிந்து நின்றுவிடும். முறியாமல் இருக்கவேண்டுமென்று, இல்லாத கட்டத்தை வெற்றுக்கட்டமாக உருவாக்கித் தரும் ஏற்பாட்டைச் சேர்க்கிறார்கள். நிரல் இனி நிற்பதில்லை. இன்மை வெறுமையாகி, வெறுமை பூஜ்யமாகிவிடுகிறது. எண் கேட்பதற்கு முன்னால் கட்டத்தின் வகை என்னவென்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

பைத்தான் மொழியில் பாண்டாஸ் என்னும் நூலகம் இவ்விஷயத்தில் சற்று நாணயமானது. வெற்றுக்கட்டத்தை 'எண் அன்று' என்று பொருள்படும் நேன் என்னும் குறியாகப் படிக்கிறது. சராசரி கேட்டால் அதை விலக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. ஆயினும் இதிலும் ஒரு குழி உண்டு. ஒரு மாதம் முழுவதும் மழைமானியைப் பார்க்கவே இல்லை, முப்பது கட்டங்களும் வெறுமை என்று வையுங்கள். அம்மாதத்தின் மொத்தம் என்ன என்று கேட்டால் பாண்டாஸ் 0 என்று சொல்லும். ஐப்பசி மாதத்தில் மழையே இல்லை என்று பட்டியலில் ஏறிவிடும். குறைந்தது இத்தனை நாளாவது எழுதியிருந்தால்தான் மொத்தம் சொல் என்று நிபந்தனை வைக்க அதில் இடமிருக்கிறது; அதை வைப்பவர் சிலரே. இன்னொன்று: முழு எண்களே உள்ள பத்தியில் ஒரு கட்டம் வெறுமையானால், பத்தி முழுவதும் தசம எண்ணாக மாறிவிடும். ஸர்வே நம்பர் 112 என்பது 112.0 ஆகிவிடும், பிறகு அடங்கலில் உள்ள 112-உடன் அதை எழுத்தாக ஒப்பிட்டால் பொருந்தாது. வெறுமையையும் முழு எண்ணையும் சேர்த்துவைக்கும் தனி வகை ஒன்று 2019 முதல் அந்நூலகத்தில் உண்டு. அதைவிட, ஸர்வே நம்பரை எழுத்தாகவே படிப்பது நலம். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை அல்லவா?

புள்ளிவிவரக்காரர்கள் உபயோகிக்கும் ஆர் என்னும் மொழியின் போக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பத்தியில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும், சராசரி கேட்டால் 'தெரியாது' என்றே சொல்லிவிடுகிறது. வெறுமையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் மேலே செல்லும். பென்சிலைக் காதில் சொருகிய பழைய கணக்குப்பிள்ளையின் குணம் அதில் இருக்கிறது.

நல் என்னும் இன்மைக் குறியை 1965-ல் ஒரு கணிப்பொறி மொழியில் புகுத்திய டோனி ஹோர் என்னும் ஆங்கில அறிஞர், 2009-ல் அதைத் தமது நூறு கோடி டாலர் பிழை என்று தாமே சொல்லி வருந்தினார். கவனியாத இன்மையால் நிரல்கள் முறிந்து எத்தனையோ நஷ்டம் வந்ததை எண்ணி அவர் அப்படிச் சொன்னார். பெரியவர்கள் சொல்வதை மறுக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் தொழிலில், இன்மைக்குக் குறி இருந்து கெட்டதைவிட, குறி இல்லாமல் அந்த இடத்தில் பூஜ்யம் ஏறிக் கெட்டதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முறிந்த நிரலை மறுநாள் சீர்செய்யலாம். முறியாமல் பொய் சொன்ன நிரலைப் பற்றி யாருக்கும் தெரிவதே இல்லை.

எழுதுகிறவர்களும் நிரலுக்குக் கொஞ்சம் உதவவேண்டும். ஒரே பத்தியில் ஒருவர் 'இல்லை' என்றும், ஒருவர் 'நில்' என்றும், ஒருவர் கோடு போட்டும், ஒருவர் கேள்விக்குறி இட்டும் வைத்தால், நிரல் அப்பத்தியையே எழுத்துப் பத்தியாக எண்ணிவிடும். இதைவிடச் சூதானது, எழுதியதை அழிக்க இடைவெளிப் பொத்தானை அமுக்குவது. கண்ணுக்குக் கட்டம் வெறுமையாகத் தோன்றும். உள்ளே ஓர் இடைவெளி எழுத்து உட்கார்ந்திருக்கும். எக்செலே அதை நிரம்பிய கட்டமாக எண்ணும். அழிப்பதற்கு அழிப்புப் பொத்தானையே உபயோகிக்க வேண்டுமென்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இனி, நான் மிகவும் ஆட்சேபிக்கும் ஒரு விஷயம். கணிப்பொறிப் படிவங்களில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாதபடி செய்துவிடுகிறார்கள். விவரம் விடுபடக்கூடாது என்பது அவர்களுடைய நல்லெண்ணம். நடப்பதோ வேறு. மாலை ஆறு மணி, கைப்பேசியில் இரண்டு கோடு சமிக்ஞை, வரப்பில் நிற்கும் உதவியாளருக்கு அந்த விவரம் தெரியாது, என்ன செய்வார்? 0 என்று போட்டுவிட்டு மேலே போவார். நானும் போட்டிருக்கிறேன். கட்டாயப்படுத்திப் பெற்ற இந்தப் பூஜ்யம் வெற்றுக்கட்டத்தைவிடக் கேடானது. ஏனெனில் அது உண்மைபோல் உடுத்திக்கொண்டு வருகிறது. எந்த நிரலாலும் அதைப் பிறகு கண்டுபிடிக்க இயலாது. நட்சத்திரத்தை எடுத்துவிடவேண்டும், அல்லது கட்டத்தின் கீழே 'பார்க்கவில்லை', 'அறுவடை முடிந்துவிட்டது', 'வயலுக்குச் செல்ல வழியில்லை' என்று தேர்ந்தெடுக்க இடம் வைக்கவேண்டும். தெரியாது என்று சொல்ல உத்தியோகஸ்தனுக்கு ஒரு வழி வேண்டும்.

சிலர் வெற்றிடத்துக்கு 999 என்றோ -1 என்றோ ஓர் அடையாள எண் போடலாம் என்கிறார்கள். உலக அளவிலும் அவ்வழக்கம் உண்டு. அமெரிக்க நாட்டு அரசாங்க ஸ்தாபனம் தொகுத்து வெளியிடும் உலகத் தினசரி வானிலைத் தொகுப்பில் வெற்றிடத்துக்கு -9999 என்று குறிக்கிறார்கள். அதை அறியாமல் கூட்டினால் ஒரு மாதத்து மழை எதிர்மறையாகிப் பல்லிளிக்கும்; அதனால் கண்டுபிடிப்பதும் எளிது. நம்மவர் போடும் 999 அப்படியன்று. மில்லிமீட்டரில் பெருமழை என்று நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆகையால் எண்ணுக்குரிய பத்தியில் எண்ணைத் தவிர வேறெதையும், வேறெதற்கும் எண்ணையும் போடவேண்டாமென்பது என் கட்சி.

ஆனால் அத்தொகுப்பிலிருந்து நாம் கற்கவேண்டியதும் உண்டு. அளக்க இயலாத அளவு தூறல் விழுந்ததை அவர்கள் தனி எழுத்தால் குறிக்கிறார்கள். அது மழையில்லாத நாளும் அன்று, மழைநாளும் அன்று. நம் நாட்டு வானிலை இலாகா 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழைநாள் என்று எண்ணுகிறது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. மூன்று நாள் விடுமுறையில் மழைமானியைத் திறக்காமல் நான்காம் நாள் திறந்தால், உள்ளே இருப்பது நான்கு நாள் மழை. அதை நான்காம் நாளுக்கு எழுதி, முந்தைய மூன்று கட்டங்களில் பூஜ்யம் போட்டால், மாத மொத்தம் சரியாகவே இருக்கும்; ஆனால் மழையில்லாத மூன்று நாளும் ஒரு பெருமழை நாளும் கணக்கில் முளைத்துவிடும். அத்தொகுப்பில் பல நாள் மழைக்கென்றே தனிப் பத்தியும், அது எத்தனை நாள் மழை என்று சொல்ல வேறொரு பத்தியும் வைத்திருக்கிறார்கள். உரம் இட்ட மறுநாள் மழை அடித்துக்கொண்டு போயிற்றா என்று நாள்வாரியாகப் பார்க்கிற விவசாயிக்கு மாத மொத்தம் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

மண் பரிசோதனையிலும் இதே கதை. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு விவரங்கள் சோதித்து எழுதவேண்டும். போரான் அவற்றில் ஒன்று. சோதிக்கப்படாமல் விட்ட போரான் கட்டத்தை நிரல் பூஜ்யமென்று படித்தால், 'மிகக் குறைவு, போராக்ஸ் இடுக' என்று சிபாரிசு அச்சாகிவரும். மற்றச் சத்துக்கள் சிறிது மிஞ்சினால் பணம்தான் வீண். போரானுக்குப் போதாமைக்கும் விஷத்தன்மைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தேவையில்லாத நிலத்தில் இட்டால் இலைநுனி கருகும். ஆகையால் உங்கள் அட்டையில் ஏதேனும் ஒரு சத்துக்கு 0 அல்லது 0.00 என்று கண்டால், உரம் வாங்குமுன் அது சோதித்து வந்த எண்தானா என்று ஒரு தடவை கேளுங்கள். பயிர் விளைந்துவரும் மண்ணில் ஒரு சத்து அறவே இல்லாமற்போவது அபூர்வம்.

இதெல்லாம் வேலையைப் பெருக்கும் என்று என் சக உத்தியோகஸ்தர்கள் சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான். வெற்றிடத்தைக் கண்டு நிரல் நின்றால், காரணம் விசாரிக்க ஒரு போன் செய்யவேண்டும். போன் எடுக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டும். என்னுடைய இப்போதைய நிரல் கடந்த குறுவையில் பதினோரு இடங்களில் நின்றது. பதினொன்றையும் விசாரித்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது. அவற்றில் இரண்டு மெய்யான பூஜ்யம். ஒன்று எழுத மறந்தது. மற்றவை நாங்கள் போகுமுன் அறுவடையானவை. அந்த இரண்டு நாளும் வீணென்று நான் நினைக்கவில்லை.

எங்கள் தாளில் இப்போது எடைப் பத்தியை அடுத்துக் 'காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். எடை வெறுமையாக இருந்தால் காரணம் இருக்கவேண்டும். எடை பூஜ்யமாக இருந்தாலும் காரணம் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாத வரியை நிரல் ஏற்காது. சராசரியின் பக்கத்தில், அது எத்தனை வயல்களின் சராசரி என்பதையும் அச்சிடுகிறோம். நான்கு வயல்களில் மூன்றின் சராசரி என்று வெளிப்படையாகத் தெரிந்தால், கேட்கவேண்டியவர்கள் கேட்பார்கள்.

சம்பா அறுவடைப் பரிசோதனை தை மாதம் தொடங்கும். குலுக்கலில் தங்கள் வயல் வந்திருக்கும் விவசாயிகள், அறுவடை இயந்திரம் வரும் தேதியை இரண்டு நாள் முன்னதாகக் கிராம நிர்வாக அலுவலரிடமாவது எங்கள் அலுவலகத்திலாவது சொல்லியனுப்பினால், நான்காவது கட்டமும் நிரம்பிவிடும். விடியற்காலையில் அறுக்கிறதானாலும் வந்துவிடுகிறோம். கயிறும் தராசும் வண்டியிலேயே இருக்கின்றன.